கீழ்க்கோடியின் பெட்டிப்பாதை

1927, செப்டம்பர் 18, ஞாயிறு

"ஆலயமும் அதன் மணிகளும்" என்னும் மூன்றாம் அத்தியாயத்தை இன்று நிறைவுசெய்தேன். முடித்தேன் என்று எழுதலாம்தான். ஆயினும் எட்டு மாத உழைப்புக்கு அச்சொல் போதாது.

பெல்பர்ன் பங்கின் வரலாறு இதுவரை எவராலும் எழுதப்படவில்லை. ஓர் ஆலயம், 'கலப்பை' என்னும் மதுவிடுதி, பள்ளி, வாத்துக்குளம், என் வீட்டு முன்னறையில் இயங்கும் தபால் நிலையம், வயலுக்கு அப்பால் கீழ்க்கோடி என்னும் சில குடிசைகள். இதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று வினவுவோர் உண்டு. வினவட்டும். பதினொரு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, குருமனையில் நூல்களின் தூசு தட்டுவதற்கு அமர்த்தப்பட்டவள் நான். தூசை மட்டும் தட்டிவிட்டு வந்தேன் என்று எவரும் கூறவியலாது.

மாலையில் வயற்பாதை வழியே கீழ்க்கோடிக்குச் சென்று கெசையாவுக்கு அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். குருமனையில் நான் துடைத்த காலத்தில் துணி வெளுத்தவள் அவள். அன்று தொடங்கிய நட்பு. எங்கள் கோபுரத்தில் ஆறு மணிகளுக்கு இடமிருந்தும் ஐந்தே தொங்குகின்றன. ஆறாவது பக்கத்து ஊரான காட்விக்கில் ஒலிக்கிறது. "அபகரிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தேன்.

"அபகரிச்சாங்களா? அடியே லெட்டி, அத நம்மாளுங்க மல்யுத்தப் பந்தயத்துல தோத்தாங்க."

"அதற்குச் சான்று உண்டா?" என்றேன்.

"சான்றா? எங்க தாத்தா அன்னைக்கி பூட்ஸயும் சேத்துத் தோத்துட்டு வெறுங்காலோட வீட்டுக்கு வந்தாரு. எங்க பாட்டி சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுச்சு. இது போதாதா?"

போதாது. "அபகரிக்கப்பட்டது" என்பதே நிற்கும்.

படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்குகிறது. வினவினால், "உன் அத்தியாயம் நீளம், அதான்" என்கிறாள்.

செப்டம்பர் 29, வியாழன். மிக்கேல் திருநாள்

பள்ளி மண்டபத்தில் மாதர் சங்கத்தின் முன் உரையாற்றினேன். பொருள்: நம் பங்கின் தொன்மையான வழிகள். ஆடவரும் வந்திருந்தனர். உரைக்குப் பின் பன்றியிறைச்சிப் பணியாரம் உண்டு என்பது காரணமாயிருக்கலாம். அதை நான் பொருட்படுத்தவில்லை.

கீழ்க்கோடியிலிருந்து ஆலயத்துக்கு வரும் வயற்பாதையைப் பற்றிப் பேசினேன். இறந்தோரை முன்னோர் அவ்வழியே சுமந்து வந்தமையால் ஊரார் அதைப் பெட்டிப்பாதை என்பர். இறுதி வாக்கியத்தை நின்று நிதானித்து உரைத்தேன்: "எவ்வழியே ஒரு சவப்பெட்டி ஆலயத்துக்குச் சுமந்து செல்லப்படுகிறதோ, அவ்வழி உலகம் உள்ளளவும் ஊருக்கே உரியதாகும், மன்னரும் அதை மூடலாகாது!"

கரவொலி. கலப்பை விடுதிக்காரர் ஏமஸ் டக்வெல் காலால் தரையைத் தட்டினார். வடக்கிலிருந்து வந்து சென்ற ஆண்டு பண்ணையை வாங்கிய திரு. ராஸ்ட்ரிக்கும் பின்வரிசையில் இருந்தார். பணியாரத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து சென்றார். உணவு ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

செப்டம்பர் 30, வெள்ளி

பெட்டிப்பாதையின் வாயிற்கதவில் சங்கிலியும் பூட்டும் தொங்குகின்றன.

அவர் ஓராண்டாக எவரையும் தடுக்கவில்லை. அந்த வயல் அவர் வாங்கியது. அவ்வழியே மக்கள் நடப்பதை அவர் பொருட்படுத்தவும் இல்லை. பிணம் ஒன்று சென்றால் வயலே போய்விடும் என்று நேற்று அவருக்கு எடுத்துரைத்தது யார்? உலகம் உள்ளளவும் என்று அழுத்தம் வேறு கொடுத்து?

நான்தானே.

அக்டோபர் 2, ஞாயிறு

கீழ்க்கோடி மக்கள் சாலையைச் சுற்றி, காட்விக் வழியாக, மழையில் நனைந்து ஆராதனைக்கு வந்தனர். வயலில் அரை மைல், சாலையில் மூன்று. இரண்டாம் ஞானப்பாட்டின் நடுவே ஒருவர்பின் ஒருவராக நுழைந்தபோது அவர்களுடைய காலணிகள் எழுப்பிய ஓசை என் செவியில் இன்னும் நிற்கிறது. எவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே கொடுமை.

குருவானவர் லைல் வாயிலில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "மிஸ் ஆல்டஸ், பொணம் போனா பாதை ஊருக்குச் சொந்தம்னு சட்டத்துல எங்கயும் இல்லீங்க. அது சும்மா ஊர்க்கதை. நான் ராஸ்ட்ரிக்கிட்டயும் சொல்லிப் பாத்தேன்."

"அவர் என்ன கூறினார், ஐயா?"

"எங்க ஊர்லயும் அப்படித்தான்னு எல்லாருக்கும் தெரியும், நீங்க லண்டன்ல படிச்சவரு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னாரு."

ஏமஸ் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பண்ணைக்காரன் சொல்றது சரிதானே சாமி? உங்களுக்கு உயிரோட இருக்கறவங்க பாவத்தப் பத்தித் தெரியும். பொணத்தப் பத்தி எங்களக் கேளுங்க" என்றார். இந்த ஒரு பொருளில் எதிரிகள் இருவரும் ஒரே மதத்தினர்.

உண்மையைக் கூறினால், நானும்தான். நல்லவராயினும் குருவானவர் இவ்வூருக்கு வந்து ஆறு ஆண்டுகளே ஆகின்றன.

அக்டோபர் 6, வியாழன்

சாலையைச் சுற்றிக் கெசையாவிடம் சென்றேன். மருத்துவர் வந்து சென்றிருந்தார். இதயம். கிறிஸ்துமஸைக் காண்பது அரிது என்று அவளிடமே கூறிவிட்டாராம்.

"நான்தான் கேட்டேன். வாத்து வளக்கலாமா வேணாமான்னு தெரியணும்ல" என்றாள்.

அழக்கூடாதென்று உறுதி பூண்டிருந்தேன். உறுதி நிற்கவில்லை.

"மூக்கச் சிந்து, லெட்டி. இப்ப கேளு. என்னய வயல் வழியாத்தான் தூக்கிட்டுப் போகணும். என் புருசன் ஜோயல் அப்படித்தான் போனான். மோட்டார் வண்டியில ஏத்தி காட்விக் வழியா மட்டும் கொண்டுபோனீங்க, பெட்டிய ஒதச்சுத் தொறந்துட்டு எறங்கிருவேன். அறுவத்தி மூணு வருசமா அந்த ஊரு பக்கம் திரும்பிப் பாக்கல. செத்ததுக்கப்புறம் அந்த ஊர்ப் பொம்பளைக ஜன்னல் திரைய விலக்கிட்டு என்னப் பாக்கணுமா?"

"பாதை பூட்டப்பட்டிருக்கிறது, கெசையா. என்னால்."

"தெரியும். நீ நல்லாப் பேசினியாமே."

அக்டோபர் 7, வெள்ளி

எழுத மனமில்லை.

அக்டோபர் 15, சனி

கெசையாவின் விருப்பம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. நிலைமை இன்னும் மோசமாயிற்று.

ஏமஸ் தபால் தலை வாங்கும் சாக்கில் வந்தார். பெட்டி சுமக்கும் அறுவருக்கு அவரே தலைவர். "கவலைப்படாதீங்க மிஸ் ஆல்டஸம்மா. ரம்பம் தீட்டி வெச்சாச்சு. அந்த நாள் வரட்டும், சங்கிலிய அறுத்துட்டு உள்ள போறோம். கெசையாக்கா போயிட்டா வயலு நம்மளுது! நீங்கதானே சொன்னீங்க?"

"அவர் தடுத்தால்?"

"தடுக்கட்டுமே! பெட்டிய முன்னால விட்டு இடிச்சுட்டுப் போயிருவோம்."

பெட்டியை! ஆட்டுக்கடா போல! உள்ளே இருப்பவள் யாரென்று இவர்களுக்கு நினைவிருக்கிறதா? ராஸ்ட்ரிக்கோ தம் இரு வேலையாட்களையும் வாயிலில் நிறுத்தப்போவதாகக் கூறியிருக்கிறாராம். பண்ணைக்காக அவர் பெற்ற கடன் பெரிது. அந்த வயல் போனால் ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லையென்று அவர் மனைவி சந்தையில் அழுதாளாம்.

தவறு செய்தவர் யாராவது ஒருவர் இருந்தால் எளிதாயிருக்கும். சுற்றிலும் தேடினால் என் ஒருத்தியைத்தான் காண்கிறேன்.

அக்டோபர் 20, வியாழன்

இன்று நிகழ்ந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கெசையாவை மகிழ்விக்க ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துச் சென்றேன்: "முன்னோரின் மூடநம்பிக்கைகள்." பெட்டிப்பாதையின் வாயிற்கம்பத்தில் துருவேறிய குண்டூசிகள் பல ஆழக் குத்தப்பட்டிருப்பதை விவரித்து, சூனியக்காரிகளை விரட்டும் பொருட்டுப் பண்டையோர் அவ்வாறு செய்தனர் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அழகிய பக்கம்.

கெசையா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலாயிற்று, தண்ணீர் கொடுத்தேன், மீண்டும் சிரித்தாள்.

"சூனியமா! அடி பைத்தியக்காரி, அது வாடகைடி!"

"வாடகையா?"

"இந்தப் பண்ணை பெரிய துரைகிட்ட இருந்த காலத்துல, பெட்டி தூக்கிட்டுப் போறவங்க கம்பத்துல ஊசி குத்திட்டுத்தான் உள்ள போவாங்க. உங்க நெலம், உங்க அனுமதியில போறோம், இந்தாங்க உங்களுக்கு வாடகைன்னு அர்த்தம். அப்படிச் செஞ்சா பாதை ஊருக்குப் போகாது. ஜோயல் போனப்ப நான்தான் குத்தினேன். கீழ்க்கோடியில பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். இப்ப நான் ஒருத்திதான் பாக்கி."

"ஏன் இத்தனை நாள் என்னிடம் கூறவில்லை?"

"நீ கேட்டியா? மணியப் பத்திக் கேட்ட. கோபுரத்தப் பத்திக் கேட்ட. ஊசியப் பத்தி நீயே எழுதிட்ட."

நான் எழுந்து சாளரத்தருகே நின்றேன். அந்த ஊசிகள் வாடகையென்றால் பாதை என்றும் ஊருக்கு உரியதாயிருந்ததில்லை. என் உரை பொய். இதை ராஸ்ட்ரிக்கிடம் கூறினால் சங்கிலி கழலும், கெசையா தன் வழியே போவாள். ஊரோ தன் உரிமையை இழக்கும் — ஒரு நாளைக்கு மட்டுமன்று, என்றென்றைக்கும். கூறாதிருந்தால் ரம்பம், தடி, நடுவே ஒரு பெட்டி.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

"என்னக் கேக்காதடி. நான் செத்துருவேன், எனக்கு ஈஸி. இந்த ஊர்ல இருக்கப்போறவ நீ."

அக்டோபர் 21, வெள்ளி

ஊர் பெரிதா, அவள் பெரிதா? இவ்வாறு வினவுவதே பிழையோ?

அக்டோபர் 23, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் நேரே பண்ணைக்குச் சென்றேன். தொப்பியைக்கூட மாற்றவில்லை.

ராஸ்ட்ரிக் கதவைத் திறந்து, வாயில் நிலையை அடைத்துக்கொண்டு நின்றார். "மறுபடியும் ஒரு சொற்பொழிவா, மிஸ் ஆல்டஸ்?"

ஆயத்தம் செய்திருந்த வாக்கியங்கள் அனைத்தும் அகன்றன. "நான் தப்பாச் சொல்லிட்டேங்க" என்றேன். ஆம், அவ்வாறே கூறினேன். பிறகு ஊசிகளைப் பற்றிக் கூறினேன்.

அவர் நம்பவில்லை. "இது ஏதோ தந்திரம். ஊசி குத்தறேன்னு சொல்லிப் பொணத்த உள்ள விட்டுட்டு, அப்புறம் பாதை எங்களுதும்பீங்க."

"வந்து பாருங்கள்" என்றேன்.

இருவரும் வாயிலுக்கு நடந்தோம். மழை தூறியது. அவர் கத்தியை எடுத்துக் கம்பத்தின் பாசியைச் சுரண்டினார். ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன — சில தலையற்றவை, சில மரத்துக்குள்ளேயே புதைந்து, துருவின் பழுப்புப் புள்ளியாக மட்டும் எஞ்சியவை. பாசி அடர்ந்த பக்கத்தில் இன்னும் இருந்தன. நெடுநேரம் சுரண்டினார். பிறகு கத்தி நின்றது.

"இதுல ஒவ்வொண்ணும் ஒரு ஆளா?"

"ஆம்."

"அந்தம்மா புருசன் எது?"

எனக்குத் தெரியவில்லை. பங்கின் வரலாற்றை எழுதும் எனக்கு அது தெரியவில்லை.

கத்தியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "எங்க அப்பாவ ரயில்ல கொண்டுபோய்ப் பொதச்சோம். யாரும் ஊசி குத்தல" என்றார். பிறகு, வாணிபக் குரலில்: "எல்லாருக்கும் முன்னால குத்தணும். உங்க ஆளுங்க கையால. குத்தினா சங்கிலிய எடுக்கறேன். அந்த ஒரு நாளைக்கு."

அந்த ஒரு நாளைக்கு. சம்மதித்தேன்.

அக்டோபர் 24, திங்கள்

கலப்பை விடுதியின் வாசற்படியில் நின்று கூறினேன். பெண்கள் அந்தப் படியைக் கடப்பதில்லை, நான் கடக்கவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கூறினேன்.

கோப்பைகள் மேசைமேல் இறங்கின. பிறகு எல்லோரும் பேசினர்.

"ஊசிக்கு வித்துட்டா! நம்ம பாதைய ஒரு ஊசிக்கு வித்துட்டா!"

"மன்னரே மூட முடியாதுன்னியேம்மா? இப்ப மன்னரவிட நீ பெரிய ஆளாயிட்டியா?"

"புத்தகம் எழுதறவளுக்கு வாய எப்ப மூடணும்னு தெரியாது. ஒரு தடவ பேசிக் கெடுத்தா, இப்ப மறுபடியும் பேசிக் கெடுக்கறா."

கடைசியாகக் கூறியது நியாயமான விமர்சனம். ஏமஸ் மட்டும் ஒன்றும் கூறாமல் கோப்பையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். "ஏமஸ், நீங்கள் ஊசியைக் குத்துவீர்களா?" என்று வினவினேன்.

"என் உயிர் போனாலும் குத்தமாட்டேன். தூக்குவேன். குத்தமாட்டேன்."

வீட்டுக்குத் திரும்பினேன். ஐம்பது ஆண்டுகளாக இவ்வூரில் எனக்கிருந்த மதிப்பு — எவ்வளவு சிறியதாயினும் — நான் சேர்த்தது. இன்று அது போயிற்று. கெசையாவிடம் இதைக் கூறமாட்டேன்.

அக்டோபர் 27, வியாழன்

கூறிவிட்டேன். "ஏமஸ் கத்துனானா, பேசாம இருந்தானா?" என்றாள். பேசாமலிருந்தார் என்றேன். "அப்ப சரி" என்று கூறிவிட்டு உறங்கிப்போனாள்.

நவம்பர் 8, செவ்வாய்

கெசையா போயிட்டா.

காலைல. கோழிங்களுக்குத் தீனி போட்டியான்னு கேட்டா. போட்டேன்னேன். போடல. ஓடிப் போய்ப் போட்டுட்டு வந்தேன். வந்து பாத்தா —

அந்தக் கோழிங்களுக்கு என்ன தெரியும். தின்னுக்கிட்டே இருக்குதுங்க.

நவம்பர் 12, சனி

இன்று நல்லடக்கம். எழுதுகிறேன், எழுதியே ஆக வேண்டும்.

கீழ்க்கோடியிலிருந்து அறுவர் சுமந்தனர். ஏமஸ் முன்வலப்புறம். குருவானவர் முன்னே நடந்தார், பின்னே நாங்கள். ஊரில் பாதிப்பேர் வந்திருந்தனர். துக்கத்துக்கு வந்தவர் எத்தனைபேர், சண்டையைக் காண வந்தவர் எத்தனைபேர் என்பதை நான் ஆராயவில்லை.

வயலை அடைந்தபோது வாயிற்கதவைக் காணோம்.

ராஸ்ட்ரிக் சங்கிலியை மட்டுமன்று, கதவையே கீலிலிருந்து கழற்றிப் புதரோரம் சாய்த்துவைத்திருந்தார். அறுவர் தோளோடு தோள் சேர்ந்து நுழைய அக்கதவு இடம் தராது, அதை யோசித்திருக்கிறார். அப்பால் சேறு இருந்த இடமெங்கும் புதிய வைக்கோல் பரப்பப்பட்டிருந்தது, வயலின் மறுகோடிவரை. இவ்வாண்டு வைக்கோல் என்ன விலை விற்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ராஸ்ட்ரிக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பத்தருகே நின்றார். வேலையாட்களைக் காணவில்லை.

பெட்டி நின்றது. எவரும் அசையவில்லை. நான் என் கழுத்துப்பட்டியின் ஊசியைத் தேடினேன், கையுறை தடுத்தது, அதற்குள் ஏமஸ், "கொஞ்சம் தாங்கிப் பிடிங்கடா" என்றார்.

ஒரு தோளால் பெட்டியைத் தாங்கியபடியே, கையில் கட்டியிருந்த கறுப்புத் துக்கப்பட்டியின் ஊசியைப் பல்லால் பிடுங்கினார். வைக்கோலைப் பார்த்தார். ராஸ்ட்ரிக்கைப் பார்த்தார். கம்பத்தில் குத்தி, கட்டைவிரலால் அழுத்தினார்.

"உங்க அனுமதியில போறோம்" என்றார். அவ்வளவு முரட்டுத்தனமாக எவரும் எவரிடமும் அனுமதி கேட்டிருக்க முடியாது.

"போங்க" என்றார் ராஸ்ட்ரிக்.

ஊசியற்ற துக்கப்பட்டி வயலின் நடுவிலேயே நழுவி ஏமஸின் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. இரு கையும் பெட்டியில். ஆலயம்வரை அது வளையல்போல் ஆடிக்கொண்டே வந்தது. கெசையா கண்டிருந்தால்... எனக்குச் சிரிப்பு வந்தது. தேற்றுவதாக எண்ணி குருவானவரின் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டாள்.

ஐந்து மணிகளும் ஒலித்தன. ஜோயலின் அருகில் வைத்தோம்.

திரும்பும்போது ஏமஸ் என் பக்கமாக வந்து, முன்னால் பார்த்தபடியே கூறினார்: "அவ்ளோ வைக்கோலு. பசுவுக்கே அப்படிப் போடமாட்டான் எவனும்."

டிசம்பர் 4, ஞாயிறு

ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். சூனியக்காரிகள் நீக்கப்பட்டனர். பெட்டிப்பாதை பற்றி: "இவ்வழி ஊருக்கு உரியதன்று, கேட்டுப் பெறப்பட்டது." அலங்காரமற்ற வாக்கியம். எனினும் நிற்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தில் "அபகரிக்கப்பட்டது" என்பதை அடித்துவிட்டு, "பந்தயத்தில் இழக்கப்பட்டது என்றும் கூறுவர்" என்று சேர்த்தேன். அதற்குமேல் என்னால் இறங்கிவர இயலாது.

கெசையா கோழிகளை எனக்கு விட்டுச்சென்றிருக்கிறாள். என் முற்றத்துக்குக் கொண்டுவந்தால் முட்டையிட மறுக்கின்றன, கீழ்க்கோடியிலேயே விட்டிருக்கிறேன். நாள்தோறும் சாலையைச் சுற்றிச் சென்று தீனியிட வேண்டியிருக்கிறது. பாதையின் வாயிலில் கதவு மீண்டும் மாட்டப்பட்டுவிட்டது. சங்கிலி உண்டா என்று நான் சென்று பார்க்கவில்லை. அந்த ஒரு நாளைக்கு என்பதே உடன்பாடு.

டிசம்பர் 9, வெள்ளி

ராஸ்ட்ரிக்கின் மனைவி பொதி அனுப்ப வந்தாள். "ஏங்க இந்தப் பனியில காட்விக்க சுத்திட்டுப் போறீங்க? எங்க வீட்டுக்காரர் ஜன்னல் வழியா தெனமும் பாத்துட்டு, இந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலையாங்கறாரு. கேட்டு பூட்டலீங்களே?"

பொதியை நிறுத்தேன். எடையை மறந்தேன். மீண்டும் நிறுத்தேன்.

1928, ஏப்ரல் 15, ஞாயிறு

பாவாடை பாழாயிற்று. ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் சாம்பல்நிறப் பாவாடை.

கோழிகளுக்குத் தீனியிட்டுவிட்டு ஆலயத்துக்குத் திரும்புகையில், குளத்தின் தோற்றம் பற்றிய ஏழாம் அத்தியாயத்தின் முதல் வாக்கியம் வயலின் நடுவே எனக்குத் தோன்றிற்று. அதைக் கைவிடாமல் மனத்தில் ஏந்தியபடி நடந்தமையால், வாயிற்கதவைச் சாத்தாமல் வந்துவிட்டேன். குட்டியீன்ற ஆடுகள் அத்தனையும் சாலைக்கு வந்துவிட்டன.

"யோவ்! யாருய்யா அது? கேட்டத் தொறந்து போட்டுட்டுப் போறது!" என்று ஓடிவந்தார் ராஸ்ட்ரிக். என்னைக் கண்டும் குரலைத் தாழ்த்தவில்லை. "நீங்களா! வரலாறு எழுதத் தெரியுது, ஒரு கேட்டச் சாத்தத் தெரியலையா? அந்தப் பக்கம் போங்க! கையை விரிங்க! தொப்பியால வெரட்டுங்க, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!"

விரட்டினேன். பள்ளத்தில் இறங்கினேன், முழங்காலளவு நீர். ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியின் மேல் அவரிடம் நீட்டினேன். ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்த ஏமஸ் சாலையில் நின்று, "இடது பக்கம், மிஸ் ஆல்டஸம்மா! இடது!" என்று கூவினாரேயன்றி உதவிக்கு வரவில்லை.

எல்லாம் உள்ளே போனபின் ராஸ்ட்ரிக் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து மூச்சு வாங்கினார். ஆராதனைக்கான கடைசி மணி அடித்து ஓய்ந்தது. குளத்தைப் பற்றிய அந்த வாக்கியம் என்னிடம் இல்லை. எங்கோ பள்ளத்தில் விழுந்துவிட்டது.

"நாளைக்கும் இந்த வழியாத்தானே வருவீங்க?" என்றார்.

"ஆம்."

"வரும்போது நாலு ஸ்டாம்பு கொண்டாங்க. கேட்டச் சாத்துங்க."